ஜெர்மனில் 'உதவட்டுமா?': தவறு எங்கே நுழைகிறது?

"கன் இஷ் ஸீ ஹெல்ஃபன்?"

'உங்களுக்கு உதவட்டுமா' என்பதை ஜெர்மனில் மரியாதையாகச் சொல்லுங்கள் என்றால், பி1 (ஜெர்மன் மொழிப் படிப்பின் இடைநிலை) படிக்க வரும் நம் பிள்ளைகள் பலரிடமிருந்து முதலில் வருவது இதுதான். இது தவறு. "கன் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?" என்று கேட்க வேண்டும்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், தமிழ் பேசுகிறவர்கள் இந்தத் தவறைச் செய்யவே தேவையில்லை. 'உங்களை உதவட்டுமா' என்று நம்மில் யாராவது கேட்போமா? 'உங்களுக்கு' என்றுதான் வாயில் வரும். நாம் 'கு' உருபு போடும் இந்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் ஈனன் என்கிறார்கள். 'ஐ' வரும் இடத்தில் ஸீ. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனுக்கு வரும்போது உருபு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நேராகத் தமிழிலிருந்து போங்கள். 'உங்களுக்கு நன்றி' என்றால் "இஷ் டங்கெ ஈனன்". 'உங்களைத் தொந்தரவு செய்கிறேனா' என்றால் "ஷ்டோரெ இஷ் ஸீ?". இரண்டும் அப்படியே பொருந்துகின்றன.

விதியை நன்றாகப் படித்தவர்கள் விழும் குழி வேறு. உதவி என்றாலே ஈனன்தான் என்று மனசில் பதிந்துபோய், உன்டர்ஷ்ட்யுட்ஸன் என்ற வினைக்கும் அதையே போடுகிறார்கள். அது 'ஆதரிப்பது, துணை நிற்பது'. நாம் 'உங்களை ஆதரிக்கிறேன்' என்கிற மாதிரி அங்கேயும் "இஷ் உன்டர்ஷ்ட்யுட்ஸெ ஸீ கெர்ன்" என்றுதான் வரும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 'உங்களுக்கு போன் பண்ணட்டுமா' என்பதில் நமக்குக் 'கு' இருக்கிறது, ஜெர்மனில் ஸீ: "ஸொல் இஷ் ஸீ அன்ரூஃபன்?". 'உங்களோடு கூட வரலாமா' என்பதில் நமக்கு 'ஓடு', அங்கே அதற்கும் ஸீதான்: "டர்ஃப் இஷ் ஸீ பெக்லைட்டன்?". இவற்றை வாக்கியமாகவே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது 'வில்'. இங்கிலீஷ் பழக்கத்தில் "வில் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?" என்று கேட்டால், 'உங்களுக்கு உதவ எனக்கு விருப்பமா?' என்று பொருளாகிவிடும். இங்கேயும் வழி தமிழில் இருக்கிறது. 'ட்டுமா' என்று முடிந்தால் பொதுவாக ஸொல், 'லாமா' என்று அனுமதி கேட்டால் டர்ஃப். 'ஜன்னலைத் திறக்கட்டுமா' என்றால் "ஸொல் இஷ் டஸ் ஃபென்ஸ்டர் அவுஃப்மஹன்?". இன்னும் பணிவு கூட்டுவதாக நினைத்து "கோன்ட்டெ இஷ் ஈனன் ஹெல்ஃபன்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கோன்ட்டெ என்ற அந்த நிபந்தனை வடிவம் உதவி கேட்கும்போதுதான் அழகு: "கோன்ட்டன் ஸீ மீர் ஹெல்ஃபன்?". உதவி தர வரும்போது அது தயக்கமாக ஒலிக்கும். கன், டர்ஃப் போதும்.

நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் நான் அதிக நேரம் பேசுவது வேறொன்றைப் பற்றி. நம் நர்ஸ் படிப்புக்கு ஜெர்மனியில் அங்கீகாரம் பெறப் பொதுவாக பி1க்கு அடுத்த நிலையான பி2 கேட்கிறார்கள். அந்தத் தேர்வில் இலக்கணத் தவறுக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். வார்டில் நடக்கும் தவறுக்கு ஒரு வயதானவரின் மனம் புண்படும்.

காலை நேரம், முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறீர்கள். கட்டிலோரம் பிடித்து நடக்கும் தள்ளுவண்டி, அதன் கைப்பிடியில் ஒரு கம்பளிச் சட்டை. எண்பதைத் தாண்டிய அம்மா போர்வையை விலக்கிக்கொண்டு எழப் பார்க்கிறார். நம் ஊரில் என்ன சொல்வோம்? 'பாட்டி, இருங்க, பிடிச்சுக்கிறேன், எந்திரிக்கலாமா?' அந்த வாக்கியம் முழுக்க அன்புதான். அதை அப்படியே ஜெர்மனில் சொன்னால் மூன்று தவறு.

பாட்டி என்பதற்கு ஓமா என்று சொல் இருக்கிறது. அதைப் பேரப் பிள்ளைகள் சொல்லலாம். நீங்கள் சொன்னால் அவரைச் சிறுமைப்படுத்தியதாக ஆகும். ஃப்ராவ் ஷ்மிட் (திருமதி ஷ்மிட்) என்றால் ஃப்ராவ் ஷ்மிட்தான், கூடவே ஸீ. நமக்கு உறவுமுறை மரியாதையைத் தருகிறது, அவர்களுக்குக் குடும்பப் பெயர் தருகிறது.

இரண்டாவது, 'எந்திரிக்கலாமா' என்பதில் ஒளிந்திருக்கும் 'நாம்'. "வொலன் வீர் அவுஃப்ஷ்டேயன்?" என்று கேட்பதற்கு ஜெர்மனில் 'கிரங்கன்ஷ்வெஸ்டர்ன் ப்ளூரால்', அதாவது நர்ஸ் பன்மை, என்று பெயரே இருக்கிறது. குழந்தையிடம் பேசுகிற தொனி என்று பலருக்குப் பிடிக்காது. கிரங்கன்ஷ்வெஸ்டர் என்ற பட்டம் போய், 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி இப்போது ஃப்ளேகெஃபஹ்ஃப்ராவ், அதாவது தொழில்முறைப் பராமரிப்பாளர், என்று பட்டம் தருகிறார்கள். அந்தப் பன்மை மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது.

மூன்றாவது, பதிலுக்குக் காத்திராமல் கையைப் பிடிப்பது. முதலில் கேளுங்கள்: "குட்டன் மோர்கன், ஃப்ராவ் ஷ்மிட். டர்ஃப் இஷ் ஈனன் பைம் அவுஃப்ஷ்டேயன் ஹெல்ஃபன்?" எழுந்திருக்க உதவலாமா என்று பொருள். இந்த 'பைம்' கைக்கு வந்தால் பாதி வார்டு பேச்சு கைக்கு வந்த மாதிரி: பைம் வாஷன் என்றால் குளிப்பாட்டும்போது, பைம் அன்ட்ஸீயன் என்றால் உடை உடுத்தும்போது.

இனி கடிதம். 'ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்' என்பதற்கு மின்னஞ்சல் முடிவில் வரும் வழக்கமான வரி: "ஃப்யூர் ர்யுக்ஃப்ராகன் ஷ்டேயெ இஷ் ஈனன் கெர்ன் ட்ஸுர் ஃபெர்ஃப்யூகுங்". இதில் ஷ்டேயெ வர வேண்டும். ஷ்டெல்லெ என்று எழுதினால் 'நான் ஒரு பொருளைத் தருகிறேன்' என்று தொடங்கி, எந்தப் பொருள் என்று சொல்லாமல் நிற்கும். "இஷ் பின் ஃபெர்ஃப்யூக்பார்" என்பதோ கடையில் சரக்கு இருப்பு உண்டு என்கிற மாதிரி கேட்கும். ஈனன், ஸீ இரண்டையும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சின்ன எழுத்தில் தொடங்கினால் ஈனன் 'அவர்களுக்கு' ஆகிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே கிடையாது என்பதால் நம் கண் இதைத் தவறவிடும். 1996 எழுத்துச் சீர்திருத்தம் கடிதத்தில் வரும் 'டூ'வை (நீ) சின்ன எழுத்தாக்கியது, 2006இல் பெரிய எழுத்தும் ஆகலாம் என்று தளர்த்தினார்கள். மரியாதைக்குரிய ஸீயில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

தொனியையும் கவனியுங்கள். அலுவலக வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவர் "கன் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?" என்று இறுக்கமாகக் கேட்டால், அது நம் ஊர் வாட்ச்மேன் கேட்கும் 'யாரைப் பாக்கணும்?' தான். நீங்கள் கேட்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்கட்டும்.

கடைசியாக, பதில். என்னிடம் படித்த ஒரு பெண் ஜெர்மனி போன முதல் வாரம் இதைச் சொன்னாள். இடைவேளையில் சக ஊழியர் காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே "டங்கெ" என்றிருக்கிறாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விட்டார். தருகிறேன் என்பவரிடம் வெறும் டங்கெ சொன்னால் வேண்டாம் என்றே அர்த்தம். வேண்டுமென்றால் "யா, பிட்டெ" அல்லது "கெர்ன்". நாம் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் மறுபடி வற்புறுத்துவார்கள் என்று காத்திருந்தால் வெறும் கோப்பைதான் மிஞ்சும்.

அதே அளவுகோல் நமக்கும். ஃப்ராவ் ஷ்மிட் "கேட் ஷோன், டங்கெ" என்றால், 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டார். கையை எடுத்துவிடுங்கள். அவர் மெதுவாக எழட்டும். விழாமல் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் நில்லுங்கள். வெளியே போகும் முன் ஒரு வரி சொல்லுங்கள்: "ஸாகன் ஸீ ஐன்ஃபஹ் பெஷைட், வென் ஸீ மிஷ் ப்ராவுஹன்." நான் தேவைப்பட்டால் ஒரு குரல் கொடுங்கள்.