தமிழைக் கடைசியில் கொட்டாதீர்கள்: போஸ்டர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஒரு நான்கு மொழி போஸ்டர் எந்த வரிசையில் உருவாகிறது என்று பார்த்தாலே, அதில் வரும் பாதித் தவறுகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். முதலில் ஆங்கிலத்தில் முழு வடிவமும் தயாராகிறது. எழுத்துரு, நிறம், படம், இடைவெளி எல்லாம் முடிவாகி, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிய பிறகுதான் மற்ற மொழிகள் உள்ளே வருகின்றன. மலாய்க்குப் பிரச்சினை இல்லை, அதே ரோமன் எழுத்து. சீனம் சின்ன இடத்தில் முடிந்துவிடும். நீளமான சொற்களும் மேலும் கீழும் நீளும் குறிகளும் உள்ள தமிழுக்கு அந்தப் பெட்டி போதாது. உடனே எழுத்தின் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் தாத்தாவுக்கு அதுதான் மிஞ்சுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். நான்கு மொழி வாசகங்களும் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தமிழின் மிக நீளமான வரியை முதலில் பக்கத்தில் வையுங்கள். அது உட்காரும் இடத்தில் மற்ற மூன்றும் தாராளமாக உட்காரும்.

அடுத்தது, கொம்பு தனியாகப் பிய்ந்து நிற்கும் தவறு. 'கொ' வரவேண்டிய இடத்தில் ககரம் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். சில சமயம் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்கூட எட்டிப் பார்க்கும். இதைப் பார்த்ததும் "தமிழ் தெரியாதவர் தட்டச்சு செய்திருக்கிறார்" என்று கோபப்படுகிறோம். பெரும்பாலும் தட்டச்சு சரியாகவே இருக்கும். கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதற்குப் பின்னால் வரும் ஒகரக் குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட நிலையில் வடிவமைப்பு மென்பொருள்கள் இதைச் செய்வதில்லை. அடோபியின் இன்டிசைனில் பத்தி அமைப்புகளுக்குள் போய், எழுத்துகளை வரியில் அடுக்கும் முறையாக (கம்போசர்) வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் இந்திய மொழிகளுக்கான விருப்பங்களைக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு தெற்காசிய கம்போசருக்கு மாற வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இதே போன்ற ஒரு மாற்றம் தேவைப்படும். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு, உடைந்த எழுத்தும் உடையாத எழுத்தும் ஒரே மாதிரிதான் தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையை ஒப்படைக்கும்போதே இந்த அமைப்பைச் சொல்லிவிடுங்கள், சரியாக வந்த ஒரு வரியைப் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகம் கைக்கு வந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

வரி இடைவெளிக்கு வருவோம். அடோபி மென்பொருள்களில் தானாக அமையும் இடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு. ரோமன் எழுத்துக்கு அது சரி. தமிழில் மேல்வரியின் 'மூ' கீழே இறங்க, கீழ்வரியின் 'கீ' மேலே எழும்ப, இரண்டும் முட்டிக்கொள்ளும். என் கணக்கில் 140-இல் தொடங்கி, எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டலாம். ஒன்றின் கீழ் ஒன்றாக 'கூ', 'ஸ்ரீ', 'கீ' எல்லாம் வரும்படி இரண்டு வரிகளை அடித்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இதன் இன்னொரு பக்கம் எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளில் பெரிய எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது நாகரிகமாக இருக்கிறது. அதே அமைப்பைத் தமிழுக்கும் கொடுத்தால் 'கா'வின் கால் தனியே நகர்ந்து ரகரம் போலத் தெரியும். படிப்பவர் 'கர' என்று படித்துவிட்டுத் திரும்ப வருவார். தமிழுக்கு அந்த அமைப்பைப் பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள். செங்குத்துப் பலகையில் எழுத்துகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கும்போதும் இதே எச்சரிக்கை: 'கோ' முழுவதும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

மென்பொருள் செயற்கையாகத் தடிமனாக்கினால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாய்த்தால் விழப்போவது போல இருக்கும். பக்கவாட்டில் நசுக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, எந்த எழுத்துரு? கணினியில் முதலில் கண்ணில் பட்ட லதாவைப் போடுவதுதான் வழக்கம். லதாவில் குறை ஒன்றுமில்லை, ஆனால் போஸ்டர் தலைப்புக்காக அது செய்யப்படவில்லை. கட்டணமில்லாமல் கிடைப்பவற்றிலேயே தேர்வு நிறைய இருக்கிறது: பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய கட்டமரான், ஏக் டைப் குழுவின் முக்தா மலர், பலூ தம்பி, அனேக் தமிழ், அப்புறம் நோட்டோவின் இரண்டு வகைகள். இவற்றில் பலவற்றில் பல தடிமன்கள் உண்டு, அதனால் செயற்கைத் தடிமன் தேவைப்படாது. அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலமும் தமிழும் ஒரே எண்ணில் இருந்தாலும் ஒரே அளவாகத் தெரியாது. எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இனி உத்வேகம். தமிழ் நிகழ்ச்சி என்றால் மயில், தாமரை, கோலம், கோபுரம். பொங்கல் விழாவுக்கும் கவிதை வாசிப்புக்கும் நிரலாக்கப் பட்டறைக்கும் ஒரே மயில் வந்து நிற்கிறது. பின்டரஸ்ட்டில் தேடினால் வேறு என்ன கிடைக்கும்? அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை ரோமன் எழுத்துக்கான தீர்வுகள். நிறத்தையும் அலங்காரத்தையும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், எழுத்தைக் கையாளும் விதத்தை எடுக்க முடியாது.

தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்தவர்கள் இந்த ஊரிலேயே விட்டுச் சென்றது ஏராளம். பையில் இருக்கும் 1 வெள்ளி நாணயத்தை எடுங்கள். சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். அவ்வளவு சிறிய உலோகத்தில், வளைந்த கோட்டின் மேல், 'சிங்கப்பூர்' என்பதில் உள்ள புள்ளிகளும் ஊகாரமும் படிக்கும்படி நிற்கின்றன. போஸ்டரில் இடம் போதவில்லை என்று சொல்பவர்கள் இதைப் பார்க்கலாம். அடுத்து, 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு. அதன் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் புரட்டலாம். செய்திகளைவிட விளம்பரங்களைப் பாருங்கள். நெருக்கமான பத்திகளுக்கு நடுவே ஒரு கடையின் பெயரை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள், எங்கே வெற்றிடம் விட்டார்கள் என்று கவனியுங்கள்.

ஆனால் அப்படியே எடுத்து ஒட்டுவதும் தவறுதான். பழைய அச்சில் 'லை', 'ணை' போன்றவை தும்பிக்கை வளைத்த வடிவத்தில் வரும். தமிழ்நாட்டில் 1978-இல் அறிவிக்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு படித்தவர்களில் பலருக்கு அது தடுமாற்றம். பழமைச் சாயல் வேண்டுமென்றால் ஒரு தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேதி, இடம், கட்டணம் எல்லாம் இன்றைய வடிவத்திலேயே இருக்கட்டும். பிடித்த ஒன்றைச் சேமிக்கும்போது, அதில் என்ன பிடித்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது வெறும் படம்.

கடைசியாக அச்சுக்கடை. சன்ஷைன் பிளாசாவில் ஏதோ ஒரு கடையில் உங்கள் மூலக் கோப்பைக் கொடுத்தால், அவர்களுடைய கணினியின் அமைப்பில் கொம்பு மறுபடியும் கழன்றுவிடக்கூடும். எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள், திருத்தக்கூடிய பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டியது அந்தப் பிடிஎஃபைத்தான். வேர்டு கோப்பைப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனவர்களால்தான் பல பேனர்கள் இரண்டாவது முறை அச்சாகியிருக்கின்றன.