கேம்பர் வேனுக்கு பேட்டரி: ஏஎச் பார்த்து வாங்கினால் போதாது

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, படுத்துத் தூங்கவும் சமைக்கவும் வசதியாகக் கட்டிய எங்கள் கேம்பர் வேனை நிறுத்தியிருந்தோம். குளச்சலில் வாங்கிய நெய்மீன் ஃபிரிட்ஜில் இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்து விழித்தேன், ஃபேன் நின்றிருந்தது. ஃபிரிட்ஜும் நின்றிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 10.4 வோல்ட். வாங்கி நாலு மாதம்கூட ஆகாத 100 ஏஎச் பேட்டரி அது. ஏஎச் என்றால் ஆம்பியர் அவர், எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவு. முதல் பயணங்களில் இரண்டு இரவு தாங்கியது, இப்போது அரை இரவுக்கே இறங்கிப்போய்விட்டது. தக்கலையில் பேட்டரி வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஸ்டிக்கரைப் பார்த்ததுமே சொன்னார்: "இது வண்டிய ஸ்டார்ட் ஆக்கதுக்கு உள்ளதாக்கும் மக்கா. ராத்திரி பூரா ஃபேன் ஓட்டதுக்கு உள்ளதில்ல."

வேன் கட்டுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். வண்டி பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் மெல்லியதாக, நெருக்கமாக இருக்கும். சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி இன்ஜினைச் சுழற்றிவிட்டு, விட்டதை உடனே, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடமிருந்து வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது அது. டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமனானவை. கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் கொடுத்து, பாதிக்கு இறங்கி, திரும்ப ஏறுவதைத் தாங்கும். மெல்லிய தகட்டை அப்படித் தினமும் இறக்கினால் அதில் பூசியிருக்கும் பொருள் உதிர்ந்து அடியில் சேர்ந்துவிடும். என் பேட்டரிக்கு நடந்தது அதுதான்.

சரி, டீப் சைக்கிள்தான் வேண்டும் என்று முடிவானதும் பலர் அடுத்துச் செய்வது, வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும், தண்ணீர் ஊற்றும் வகையான 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியை வேனில் ஏற்றுவது. நானும் ஏற்றினேன். பேட்டரியாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடிமனான தகடு, நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும் வளைவுகளில் நான்கைந்து தடவை போய்வந்த பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன். மூடி ஓரத்தில் கசிந்த ஆசிட் பக்கவாட்டில் வழிந்து, அடிப் பலகையைத் தின்றிருந்தது. விரலால் அழுத்தினால் ஊறிய அப்பளம் மாதிரி அமுங்கியது. பக்கத்து போல்ட்டெல்லாம் துரு.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் அது தீப்பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, மேலே பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கதவை அடைத்துக்கொள்வது எனக்கு இப்போது நினைத்தாலும் பொறுக்கவில்லை. டியூபுலர்தான் என்றால் தனிப் பெட்டி, மேல்பக்கத்திலிருந்து வெளியே போகும் குழாய், அசையாத பட்டை, இந்த மூன்றும் கட்டாயம். அது முடியாதென்றால் மூடிய வகை ஈய பேட்டரிகளான ஏஜிஎம் அல்லது ஜெல், இல்லாவிட்டால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பக்கம் போங்கள்.

இனி அந்த ஏஎச் எண்ணுக்கு வருவோம். 150 ஏஎச் என்று ஸ்டிக்கரில் இருந்தால் பக்கத்தில் சி20 என்றோ சி10 என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். இரண்டிலும் 150 என்றே எழுதியிருந்தாலும் சி10 பேட்டரிதான் பெரியது, ஏனென்றால் ஈய பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்கக் கிடைப்பது குறையும். மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்க 750 வாட் மிக்சியை இன்வெர்ட்டரில் போட்டால் 12 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 70 ஆம்பியர் இழுக்கும். அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்து, பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் கத்தும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். எங்கள் வேன் கணக்கு இது: 45 வாட் ஃபிரிட்ஜ், நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடுவதால் சுமார் 430 வாட் அவர் (வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கியது). 25 வாட் ஃபேன் எட்டு மணி நேரம், 200. விளக்கு 50. போன், லேப்டாப் சேர்த்து 200. மிக்சியும் தண்ணீர் பம்பும் 100. மொத்தம் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குப் பக்கம், 12 வோல்ட்டில் 83 ஏஎச். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால்தான் ஆயுள் நிற்கும், ஆகவே ஒரு நாளுக்கே 170 ஏஎச் வேண்டும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம் என்பதால் 100 ஏஎச் ஏறக்குறையப் போதும். எடையும் 11 முதல் 13 கிலோதான். 150 ஏஎச் டியூபுலர் ஆசிட்டோடு 50 கிலோவைத் தாண்டும்.

எடுக்கும் கணக்கை எழுதியவர்களும் திரும்ப ஏற்றும் கணக்கை எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்து வேன் பேட்டரிகள் அதிகம் சாவது இதனால்தான். ஈய பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும், கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் கேட்கும். நீங்கள் எத்தனை பெரிய சார்ஜர் வைத்தாலும் அந்த நேரம் பெரிதாகக் குறையாது. நாகர்கோவிலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை ஓட்டினால் ஏறிவிடும் என்று நம்பினால் அது என்றைக்கும் முழுதாக ஏறாது. அரைகுறையாகவே கிடக்கும் தகட்டில் சல்பேட் படிந்து கல்லாகிவிடும். அப்புறம் எத்தனை நாள் சார்ஜில் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

வயரும் இதில் கூட்டுக் களவாணி. இன்ஜினிலிருந்து பின்பக்க பேட்டரிக்கு 6 மீட்டர் என்றால் போய்வர 12 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் வயரில் 20 ஆம்பியர் போனால் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டரில் 14.2 இருந்தால் பேட்டரிக்கு 13.5 தான் வந்துசேரும். முழுச் சார்ஜுக்கு ஈய பேட்டரி கேட்பது 14.4 பக்கம். 25 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். இன்றைய புது வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரே டீசலை மிச்சப்படுத்த வோல்டேஜை ஏற்றி இறக்கும். அவற்றுக்கு நடுவில், வோல்டேஜையும் ஆம்பியரையும் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கித் தரும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் முடியாது. லித்தியத்துக்கும் அது வேண்டும், ஏனென்றால் லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும்.

சோலார் விஷயத்தில் நமக்கு ஒரு நல்லது உண்டு. குமரி மாவட்டம் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரிதான் வடக்கே, அதனால் வேன் கூரையில் பேனலைப் படுக்கவைத்தாலே போதும், சாய்க்க மெனக்கெட வேண்டாம். கெட்டது, தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழைக்காலமும் நமக்கு உண்டு. 400 வாட் பேனல் வெயில் நாளில் 1200 வாட் அவருக்குக் குறையாமல் தரும், மழை மூட்டத்தில் அதில் கால் பங்குக்கு இறங்கிவிடும். வெயில் நாளை வைத்து மட்டும் பேட்டரி வாங்கினால் ஜூனில் இருட்டில் உட்கார வேண்டிவரும்.

லித்தியம் வாங்குபவர்கள் விலையைப் பார்ப்பார்கள், பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றான பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் என்று கேட்க மாட்டார்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ் என்றால் 1280 வாட் அளவுக்குத்தான் தொடர்ந்து தரும். 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் எல்லாமே அணைந்துவிடும். பழைய ஸ்கூட்டர் செல்களைக் கோத்துக் கட்டிய பேக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், படுத்துத் தூங்கும் வண்டிக்குள் அதைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள். நம் ஊரிலிருந்து காஷ்மீருக்கு வண்டி எடுக்கும் ஆசை இல்லாதவர்கள் குறைவு, அவர்களுக்கு இன்னொன்று: 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானாகச் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்களை அன்றாடம் படுத்துவது சூடும் உப்பும்தான். ஈய பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது, அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். சொத்தவிளையில் நடுப்பகல் வெயிலில் அடைத்து நிறுத்திய வேனுக்குள் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். இன்ஜின் பக்கமும் வெயில் படும் பக்கவாட்டுத் தகரத்தை ஒட்டியும் பேட்டரியை வைக்காதீர்கள். கடலோரத்தில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும், அதற்கு டின் பூசிய செப்பு வயரும் ஒரு பூச்சு வாசலினும் போதும்.

பழைய பேட்டரியோடு புதியதை இணைக்கிற மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம். இளைத்தது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும், அது இல்லாமல் எந்த வயரையும் இழுக்காதீர்கள்.

வாங்கும் நாளில் ஒரு மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். தயாரித்த மாதத்தைப் பாருங்கள், சும்மா கிடந்த ஈய பேட்டரி அலமாரியிலேயே இறங்கி சல்பேட் படிந்திருக்கும். 12.6 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறொன்றைக் கேளுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு, தோட்டத்து மூலையில் கிடந்தால் மண்தான் கெடும். மழைக்காலத்தில் வேன் இரண்டு மாதம் சும்மா நிற்கும் என்றால் எல்லா லோடையும் கழற்றிவிட்டு, ஈய பேட்டரியை மாதம் ஒரு தடவை முழுதாக ஏற்றிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி பால்கார அண்ணனுக்குப் பணம் கொடுக்கும் நாளில்தான் வேனுக்கும் சார்ஜ் வயர் போகும்.