அறுபதில் காண்டாக்ட் லென்ஸ்: முப்பதின் பழக்கத்தை விட்டுவிடுங்கள்

பினாங்கில் என் அக்கா முப்பது வருடமாக லென்ஸ் போடுகிறார். பல் தேய்க்கும்போதே லென்ஸ் டப்பாவையும் குழாய்த் தண்ணீரில் அலசி வைப்பார், கேட்டால் இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்பார். எனக்குப் பயமே அங்கேதான். குழாய்த் தண்ணீரிலும் குளத்திலும் கடலிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம், அது லென்ஸோடு கண்ணுக்குள் போனால் கருவிழியை அரித்துவிடும், குணமாக மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். அதனால் டப்பாவை லென்ஸ் திரவத்தாலேயே அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள், பழைய திரவத்தின் மேலேயே புதியதை ஊற்றாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவையே மாற்றுங்கள். பத்து பெரிங்கி கடற்கரையில் கடலில் இறங்கும்போதும் சரி, வீட்டில் தலைக்குக் குளிக்கும்போதும் சரி, லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

வயதாக ஆக கருவிழியின் உணர்ச்சி மங்கும், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தால் இன்னும் மங்கும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். 'வலிக்கவில்லையே' என்று இருந்துவிடுவதுதான் இந்த வயதில் பெரிய தவறு.

கண்ணீரும் குறைகிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். அலர்ஜி மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கான நீர் மாத்திரை, நாள் முழுக்க ஏர்கான், நடுவில் புகைமூட்டம் வேறு, எல்லாமே கண்ணை உலர்த்தும். கண் உறுத்தினால் மருந்துக்கடையில் சிவப்பைப் போக்கும் சொட்டு வாங்கி ஊற்றுகிறார்கள், சிவப்பு மறையும், காரணம் அப்படியே கிடக்கும். லென்ஸோடு விடக்கூடிய ஈரச் சொட்டு எது என்று கேட்டு வாங்குங்கள், புகை மூடிய நாட்களில் கண்ணாடியே போதும்.

அப்புறம் மத்தியானக் குட்டித் தூக்கம். அரை மணி நேரம்தானே என்று லென்ஸோடு படுக்காதீர்கள், தூங்கும்போது கிருமித் தொற்றின் ஆபத்து பல மடங்கு கூடும்.

படிக்கச் சிரமமாக இருந்தால் பழைய சீட்டை வைத்து நீங்களாகப் பவரை மாற்றாதீர்கள். வெள்ளெழுத்துக்கு, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் மல்டிஃபோக்கல் லென்ஸ் இருக்கிறது, ஒரு கண்ணுக்குத் தூரம் இன்னொன்றுக்குக் கிட்டம் என்றும் பொருத்துவார்கள், பழகும் வரை இரவில் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்ட வேண்டாம். மங்கலுக்குக் கண்புரையும் காரணமாக இருக்கலாம், அதை ஆப்டோமெட்ரிஸ்டோ (கண் பரிசோதகர்) கண் மருத்துவரோ பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் வீசாமல் எடுத்துப் போங்கள், எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் பரிசோதிக்க முடியும்.