வேலூர்ல கிளம்பி ஜவ்வாது மலை ஏறி ஒரே நாள்ல 200 கிமீ சைக்கிள்ல சுத்தி வர்றது எப்படி

ஜவ்வாது மலை சுத்து போகணும்னு எங்கிட்ட கேக்குறவங்க எல்லாருமே மலையப் பத்தி தான் கேக்குறாங்க, ஏத்தம் எவ்ளோ, எந்த கியர் போடணும், நம்ம சைக்கிள் தாங்குமா. வாணியம்பாடியில இருந்து வேலூர் திரும்புற கடைசி 65, 70 கிமீ பத்தி யாருமே கேக்கறதில்ல. நான் பாத்த வரைக்கும் ஆளு உக்காந்து போறது அங்க தான். மலையில எவ்ளோ மிச்சம் புடிச்சு வச்சீங்களோ அத வச்சு தான் ஹைவேயில வீடு வந்து சேர முடியும், அதனால இதுல நான் சொல்ற எல்லாமே அந்த மிச்சம் புடிக்கிற வேலை தான்.

ரூட் இது. வேலூர், கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர். அங்க இருந்து மலை ஏறி ஜமுனாமரத்தூர். அப்புறம் காவலூர் வழியா ஆலங்காயம் இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, திரும்ப வேலூர். வீடு எங்க இருக்குன்னு பொறுத்து 200 கிமீக்கு முன்ன பின்ன வரும். இன்னைக்கு கணக்குல வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர்னு மூணு மாவட்டம், ஆனா 1989க்கு முன்னாடி இது மொத்தமும் வட ஆற்காடு தான். எங்க அப்பா இன்னும் அப்படி தான் சொல்லுவார்.

நேரத்துக்கு ஒரு அளவுகோல் வேணும்னா, ப்ரெவேன்னு நேரக்கெடு வச்சு நடத்துற நீண்ட தூர சைக்கிள் ஓட்டம் ஓட்டுறவங்களுக்கு 200 கிமீக்கு 13 மணி நேரம் 30 நிமிஷம் தான் குடுப்பாங்க, சாப்பாடு பஞ்சர் ரெஸ்ட் எல்லாம் அதுக்குள்ள. நீங்க தனியா போனாலும் அதையே வச்சுக்கோங்க. விடியக்காலம் 4:30க்கு கிளம்புனா 7 மணிக்கு போளூர், 11 சுமாருக்கு ஜமுனாமரத்தூர், 2 மணிக்குள்ள வாணியம்பாடி, 6 மணிக்கு வீடு.

எந்த மாசம்னா டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும். வேலூர் வெயில் நமக்கு தெரியாததா, மே மாசம் 40 டிகிரிய தாண்டிடும், அந்த நேரத்துல இந்த சுத்து வேணவே வேணாம், எவ்ளோ பழகுன ஆளா இருந்தாலும் சரி. அக்டோபர், நவம்பர்ல மழை, மலை ரோட்டுல மண்ணும் கல்லும் வந்து கிடக்கும். ஆனா மார்கழி, தையில ஒரு விஷயம் இருக்கு, வாடைக்காத்து. வாணியம்பாடியில இருந்து வேலூர் வடகிழக்கு பக்கம், காத்தும் அங்க இருந்து தான் அடிக்கும், அதாவது 130 கிமீ ஓட்டி கால் செத்த அப்புறம் மூஞ்சிக்கு நேரா காத்து. அப்போ தலைகீழா வாணியம்பாடி பக்கமா போய் போளூர் வழியா இறங்கலாமேன்னு தோணும், நானும் யோசிச்சேன், ஆனா இருட்டுல லாரிங்க நடுவுல ஹைவேயில ஆரம்பிக்கிறது எனக்கு மனசு ஒப்பல. அதுவுமில்லாம சாயங்காலம் சோந்து போறப்போ பக்கத்துல டீக்கடை, பஞ்சர் கடை, பஸ் எல்லாம் இருக்குற ரோடு வேணும். காத்து அடிச்சா அடிக்கட்டும்.

சைக்கிள் பத்தி சுருக்கமா சொல்றேன். கியர் இல்லாத வண்டி வேணாம். பின்னாடி பெரிய பல் சக்கரம் 32 இல்லனா 34 பல் இருந்தா நல்லது, முன்னாடி சின்னது 34க்குள்ள. டயர் அகலம் 28 இல்லனா 32 மில்லிமீட்டர். ட்யூப் ரெண்டு, பேட்ச், லீவர், பம்ப், செயின் லிங்க் ஒன்னு. முன்னாடி வெளிச்சமான லைட், பின்னாடி சிவப்பு லைட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், ஹெல்மெட், இதுல எதுவும் விட்டுக்குடுக்க முடியாது. பேடட் ஷார்ட்ஸ் புதுசா வாங்கி அன்னைக்கே போடாதீங்க. ப்ரேக் ஷூ முந்தின வாரமே மாத்திடுங்க, ஏன்னு இறக்கத்துல சொல்றேன்.

பழகுறதுக்கு ஏலகிரிய விட நல்ல இடம் நம்ம பக்கம் இல்ல. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் புலவர் பேரு, கடையேழு வள்ளல் பேருன்னு வச்சிருப்பாங்க. பொன்னேரியில இருந்து ஒரு தடவை நிக்காம ஏறுங்க, அடுத்த வாரம் அதையே ரெண்டு தடவை ஏறுங்க. ரெண்டாவது தடவை மேல போய் சேரும்போது பக்கத்துல ஓட்டுறவர்கிட்ட மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் பேச முடிஞ்சா நீங்க ரெடி. முடியலனா இன்னும் ரெண்டு வாரம் பழகுங்க, மலை எங்கயும் போயிடாது.

இப்போ ஓட்டுற நாள். போளூர் வரைக்கும் ரோடு கிட்டத்தட்ட சமம், இருட்டு, குளிரு, காலும் ஃப்ரெஷ்ஷா இருக்கும், மணிக்கு 28 கிமீல போகணும்னு கை துறுதுறுங்கும். போகாதீங்க. 20, 22ல போங்க. இங்க நீங்க மிச்சப்படுத்துற கால் மணி நேரத்துக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் குடுப்பீங்க. போளூர்ல உக்காந்து நாலு இட்லி, ஒரு டீ, பாட்டில் ரெண்டும் ஃபுல். பூரி, வடை, பொங்கல் எல்லாம் அன்னைக்கு வேணாம், எண்ணெயும் நெய்யும் வயித்துல கல்லு மாதிரி நிக்கும்.

சாப்பாட்டுக்கு கணக்கு இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும். ஒரு நல்ல வாழைப்பழம்னா 25 கிராம் சுமார், கூட ஒரு கடலை மிட்டாய், நாலு பேரீச்சம்பழம். பசிக்கும்போது சாப்பிடலாம்னு இருக்கக் கூடாது, பசி தெரியுறப்போ லேட்டு. வாட்ச்ல அரை மணிக்கு ஒரு அலாரம் வச்சு, அடிச்சா வாயில எதையாவது போடுங்க. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லனா வீட்லயே ஒரு லிட்டர் தண்ணிக்கு 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளந்து போடுங்க, கண்ணளவு வேணாம்.

இத இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. மொத தடவை நான் போனப்போ போளூர்ல ஒரு டீ மட்டும் குடிச்சிட்டு ஏறிட்டேன், உடம்பு நல்லா இருந்துச்சு, நிக்க மனசு வரல. மலையில பாதி ஏறினதும் திடீர்னு கண்ணு ஓரத்துல இருட்டிச்சு, கை நடுங்குது, கடலை மிட்டாய் கவர பிரிக்க விரலு புடிக்கல, பல்லால கடிச்சு இழுத்தேன், அப்பவும் கிழியல. ரோட்டோரம் ஒரு வீட்டு திண்ணையில இருந்து ஒரு பாட்டி பாத்துக்கிட்டே இருந்துச்சு. "இன்னா தம்பி இது, மொதல்ல குந்து, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு சொம்புல கேவுரு கூழும், தொட்டுக்க பச்ச வெங்காயமும் கொண்டாந்து குடுத்துச்சு. காசு குடுத்தேன், வாங்கல. அந்த திண்ணையில முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ஓட்டி முடிச்சேன், ஆனா அன்னைக்கு வீடு வரும்போது ராத்திரி 9 மணி. அதுல இருந்து போளூர்ல இட்லி சாப்பிடாம நான் சைக்கிள்ல கால் வச்சதில்ல.

ஏறும்போது ஆரம்பத்துலயே சின்ன கியருக்கு வந்துடுங்க, ஏத்தம் வந்த அப்புறம் மாத்துனா செயின் கடகடன்னு கத்தும், சில சமயம் கழண்டும் போகும். உக்காந்தே மிதிங்க, வளைவுல மட்டும் எழுந்து பத்து மிதி மிதிச்சா முதுகுக்கு கொஞ்சம் ஆறுதல். போளூர் பக்கம் மலைக்கு கிழக்கு முகம், காலை வெயில் நேரா முதுகுல விழும், அதனால தான் 7:30க்கு மேல போளூர்ல உக்காராதீங்கன்னு சொல்றது. குரங்கு இருக்குற இடத்துல வாழைப்பழத்த ஹேண்டில் பையில தெரியுற மாதிரி வைக்காதீங்க. சிக்னல் பல இடத்துல கிடைக்காது, மேப் முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, எத்தன மணிக்கு எங்க இருப்பீங்கன்னு வீட்ல எழுதி வச்சிட்டு போங்க.

அறுவடை சமயத்துல ரோட்டுலயே சாமை, கேவுரு, கொள்ளுன்னு பரப்பி வச்சிருப்பாங்க, வண்டி ஏறி ஏறி அடிபடட்டும்னு. அது அவங்க வருஷ உழைப்பு, கோவப்படாம இறங்கி ஓரமா தள்ளிட்டு போங்க. மேல ஓட்டுனா கொள்ளு கொடி பின்னாடி கியர் மாத்துற டீரெயிலர்ல சுத்திக்கும், ஒருமுறை எனக்கு சுத்தி அந்த சின்ன சக்கரம் ரெண்டும் நின்னு போச்சு, இருபது நிமிஷம் உக்காந்து நார் நாரா பிச்சு எடுத்தேன்.

ஜமுனாமரத்தூர்ல அரை மணி நேரம், அதுக்கு மேல வேணாம். சாப்பாடு அளவா, மோர் ரெண்டு டம்ளர். பீமன் அருவி பக்கத்துல தான் இருக்கு, பாக்கணும்னா இன்னொரு நாள் பைக்ல வாங்க. காவலூர் வரைக்கும் ரோடு ஏறி இறங்கி போகும், மேல வந்துட்டோம்னு நினைச்சவங்கள இந்த சின்ன சின்ன ஏத்தம் தான் கடுப்பேத்தும். காவலூர்ல வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கு, 725 மீட்டர் உயரத்துல, உள்ள 2.34 மீட்டர் டெலஸ்கோப், 1986ல இருந்து வேலை செய்யுது. அந்த இடத்த தாண்டும்போது ரெண்டு கையாலயும் ப்ரேக் புடிச்சு பாத்துக்கோங்க, இனிமே இறக்கம்.

இறக்கத்துல தொடர்ச்சியா ப்ரேக்க அமுக்கிக்கிட்டே வராதீங்க. ரிம் ப்ரேக்னா ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும், டிஸ்க்னா ப்ரேக் புடிப்பே கொறஞ்சு போகும். வளைவுக்கு முன்னாடியே நல்லா அமுக்கி வேகத்த கொறச்சிட்டு, வளைவுல விட்டுடுங்க. வளையுற பக்கத்து பெடல் மேல இருக்கணும், கண்ணு வளைவோட கடைசிய பாக்கணும். எதிர்ல பஸ் வந்தா முழு வளைவையும் எடுத்துக்கும், அதனால உங்க ஓரத்த விட்டு வெளிய வராதீங்க. யாராவது உங்கள ஓவர்டேக் பண்ணா பண்ணட்டும்.

வாணியம்பாடி வந்ததும் நிழல்ல பத்து நிமிஷம் ஷூவ கழட்டி உக்காருங்க, மூஞ்சி கழுவுங்க, உப்பு போட்டு எதாவது குடிங்க. இங்க தான் முடிவு எடுக்கணும். தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, வேர்வை நின்னு போச்சுன்னா அதோட நிறுத்திடுங்க, ஒரு குட்டி யானை பேசி சைக்கிள ஏத்திட்டு வாங்க, அதுல ஒரு கேவலமும் இல்ல. கால் வலி மட்டும் தான்னா போகலாம். மேம்பாலம் வர்ற இடத்துல சர்வீஸ் ரோடு புடிச்சு போங்க, 10 கிமீக்கு ஒரு தடவை நில்லுங்க. ரெண்டு பேரா போனா காத்துக்கு முன்னாடி நிக்கிறத அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கோங்க, பின்னாடி இருக்குறவருக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஆம்பூர்ல பிரியாணி வாசம் ஹைவே வரைக்கும் வரும். அங்க உக்காந்து சாப்ட்டா அப்புறம் சைக்கிள் நகராது, 50 கிமீ பாக்கி இருக்கு. பார்சல் வாங்கி பின்னாடி கட்டிக்கோங்க, கத்திரிக்காய் தொக்கு தனியா கட்ட சொல்லுங்க, வீடு வர்றப்போ ஆறியிருக்கும், ஆனா தோசைக்கல்லுல மூடி போட்டு சூடு பண்ணா நல்லாவே இருக்கும்.