சாயப் பொருள்களின் பாதுகாப்பையும் உயிரியல் செயல்பாட்டையும் சோதிப்பது எப்படி?

சாயப் பொருள்களை ஆராயும் முதுகலை மாணவர்கள் கையாளும் சோதனைகளில் பெரும்பாலானவை நிறமாற்றத்தைக் கருவியால் அளந்து முடிவு சொல்பவை. சோதிக்கப்படும் பொருளுக்கே நிறம் இருக்கும்போது, கருவி அளந்தது விளைவையா அல்லது அப்பொருளின் நிறத்தையா என்ற கேள்வி ஒவ்வொரு படியிலும் எழ வேண்டும். மஞ்சளிலிருந்து கிடைக்கும் குர்குமினை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்தக் கேள்வியை எங்கெங்கே எழுப்ப வேண்டும், அதற்கு எப்படி விடை காண வேண்டும் என்று இங்கே விளக்குகிறேன்.

முதலில், சாயம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். துணிக்கு, உணவுக்கு, தோலுக்கு என்று பயன்பாடு மாறும்போது தேவையான சோதனைகளும் மாறும். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததற்குக் காரணமான ரோடமின்-பி, துணிக்கும் காகிதத்துக்கும் நிறமேற்றும் பொருள். உணவில் சேர்க்க அதற்கு அனுமதி இல்லை.

அடுத்தது பொருளின் தூய்மை. கடையில் வாங்கிய மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயமோ ஈயக் குரோமேட்டோ கலந்திருந்தால், நீங்கள் காணும் நச்சுத்தன்மை ஈயத்தினுடையதாக இருக்கலாம். ‘குர்குமின்’ என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் குர்குமினாய்டுகள் எனப்படும், அமைப்பில் நெருங்கிய மூன்று பொருள்களின் கலவையே. ஆகவே கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) மூலம் கூறுகளையும், உலோகப் பகுப்பாய்வு மூலம் ஈயம், ஆர்செனிக், காட்மியம் ஆகியவற்றின் அளவையும், பிரித்தெடுக்கப் பயன்பட்ட கரைப்பான் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதையும் அறிந்த பிறகே உயிரியல் சோதனைகளுக்குச் செல்லுங்கள். அதே நாளில், 350 முதல் 700 நானோமீட்டர் வரை அப்பொருளின் ஒளியுறிஞ்சல் நிறமாலையைப் பதிவு செய்து, அச்சிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த அலைநீளத்தில் அளவிடும் சோதனை உங்கள் பொருளோடு மோதும் என்பதை இந்த ஒரு படமே காட்டிவிடும்.

எதிர் ஆக்சிஜனேற்றத் திறனை அறியும் டிபிபிஎச் சோதனையில், டிபிபிஎச் என்ற வேதிப்பொருளின் ஊதா நிறம் மங்குவதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். குர்குமினின் ஒளியுறிஞ்சல் உச்சம் சுமார் 425 நானோமீட்டரில் இருப்பதால் அங்கே பாதிப்பு குறைவு. பீட்ரூட்டின் நிறமியான பீட்டானினும், அமிலக் கரைசலில் உள்ள ஆந்தோசயனின்கள் என்ற தாவர நிறமிகளும் அந்த அலைநீளத்தை ஒட்டியே உறிஞ்சுவதால், அவற்றின் திறன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு செறிவுக்கும் சோதனைத் தட்டில் டிபிபிஎச் சேர்க்காத ஒரு குழியை வைத்து, அதன் அளவைக் கழித்துவிட வேண்டும்.

செல்களின் உயிர்ப்பைக் கணிக்கும் எம்டிடி சோதனையில்தான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. உயிருள்ள செல்கள் மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக ஒடுக்குகின்றன (எலக்ட்ரான் தந்து மாற்றுகின்றன). ஆனால் குர்குமின், ஃபிளாவனாய்டு எனப்படும் தாவரப் பொருள்கள் போன்ற ஒடுக்கும் இயல்புள்ள பொருள்கள் செல்லே இல்லாமலும் அதைச் செய்துவிடும். அதனால் இறந்த செல்கள் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். 96 குழித்தட்டில் இரண்டு வரிசைகளை இதற்காகவே ஒதுக்குங்கள்: ஒன்றில் செல் இல்லாமல், செல் வளர்க்கும் ஊடகம், சாயம், எம்டிடி, மற்றொன்றில் செல், சாயம், ஆனால் எம்டிடி இல்லை. கொழுப்பில் கரையும் சாயம் செல்லின் சவ்வில் தங்கிவிடும் என்பதால், ஊடகத்தை அகற்றித் தாங்கல் கரைசலால் இரண்டு முறை கழுவினாலும் இந்த இரண்டாவது வரிசையைத் தவிர்க்க இயலாது. முடிவை, ஒளி அளவீட்டைச் சாராத செல் எண்ணிக்கை போன்ற இன்னொரு முறையிலும் உறுதிப்படுத்துங்கள். மேலும், சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இல்லாத ஊடகத்தில், பி.எச். 7.2இலும் 37 டிகிரி செல்சியஸிலும், குர்குமினில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுகிறது. சீரம் அதைத் தாமதப்படுத்தும். எனவே சீரத்தின் அளவைக் குறிப்பிடாமல் ‘24 மணி நேரச் செறிவு’ என்று எழுதுவதில் பொருளில்லை.

பாக்டீரியாவைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைக் காணும்போது, பாக்டீரியா வளர்வதால் உண்டாகும் கலங்கலை அடர்ந்த சாயம் மறைத்துவிடும். உயிருள்ள பாக்டீரியாவால் நிறம் மாறும் ரெசாசுரினைச் சேர்க்கலாம்; ஆனால் அதையும் சாயமே ஒடுக்கக்கூடும் என்பதால், பாக்டீரியா சேர்க்காத ஒப்பீட்டுக் குழிகள் தேவை. குழிகளிலிருந்து எடுத்து அகார் தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணுவதே எனக்கு நம்பகமாகப் படுகிறது. அகாரில் தெரியும் தடுப்பு வளையத்தின் விட்டத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். நீரில் கரையாத சாயம் அகாரில் பரவாது.

மரபணு நச்சுத்தன்மைக்கு, மரபணு மாற்றம் அடைந்த பாக்டீரியாக்களின் காலனிகளை எண்ணும் ஏம்ஸ் சோதனையே முதற்படி. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டி 471இன்படி ஐந்து பாக்டீரிய வகைகளை, கல்லீரல் நொதிக்கலவையான எஸ்9 சேர்த்தும் சேர்க்காமலும் சோதிக்க வேண்டும். நச்சுத்தன்மையற்ற, கரையக்கூடிய பொருளுக்குத் தட்டுக்கு 5 மி.கி. வரை செல்ல வேண்டும். தாவரச் சாற்றில், அந்த பாக்டீரியாக்கள் வளரத் தேவைப்படும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருந்தால் காலனிகள் பொய்யாகப் பெருகும் என்பதை மறவாதீர்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்களாலான ‘அசோ’ பிணைப்பைக் கொண்ட அசோ சாயங்களுக்கு வழக்கமான முறை போதாது. குடல் பாக்டீரியாக்கள் அசோ பிணைப்பை உடைத்து அரோமாட்டிக் அமீன்களை உருவாக்குகின்றன; அவற்றுள் பென்சிடின் மனிதரில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குவது. அந்த ஒடுக்கம் சோதனைக் குழாயிலும் நிகழும்படி, ஃபிளாவின் மோனோநியூக்ளியோடைடு என்ற துணைநொதியையும் வெள்ளெலி கல்லீரல் எஸ்9ஐயும் பயன்படுத்தும் பிரைவல் முறையைக் கையாள வேண்டும். துணிகளில் இத்தகைய 22 அமீன்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு ஆணையில் கிலோவுக்கு 30 மி.கி. என்ற வரம்பை வைத்தது.

தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக மரபணு நச்சுச் சோதனை என்ற இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. ஐரோப்பிய மஞ்சிட்டி வேரில் உள்ள லூசிடின் மரபணுவைப் பாதிக்கிறது. அவ்வேரின் நிறமி எலிகளில் புற்றுநோயை உண்டாக்குவது தெரிந்ததும் ஜப்பான் 2004இல் அதை உணவு நிறமிப் பட்டியலிலிருந்து நீக்கியது.

நிறமுள்ள பொருள் ஒளியை உறிஞ்சுவதால், ஒளி நச்சுத்தன்மையையும் காண வேண்டும். ஓஇசிடி 432 முறையில் எலியிலிருந்து பெறப்பட்டு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் 3டி3 செல்கள் கொண்ட இரண்டு தட்டுகளில் ஒன்றுக்குப் புறஊதா-ஏ ஒளி தந்து, மற்றொன்றை இருட்டில் வைத்து, பாதிச் செல்களைக் கொல்லும் செறிவுகளை ஒப்பிடுகிறோம். இருட்டுச் செறிவு ஒளிச் செறிவைப்போல் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் பொருள் ஒளியில் நச்சாகிறது என்று பொருள். இச்சோதனை வேண்டாத ஆய்வுகளிலும், ஆய்வக விளக்கின் கீழ் வேலை நடந்ததா, தட்டை அலுமினியத் தாளால் மூடினீர்களா என்பதை எழுதிவையுங்கள். நீல ஒளியில் குர்குமின் பாக்டீரியாக்களை இருட்டில் இருப்பதைவிட வேகமாகக் கொல்லும்.

தோல் எரிச்சலை அறியச் செயற்கை மேல்தோல் மாதிரி போதும். அதன் வழிகாட்டியான ஓஇசிடி 439, அங்கும் எம்டிடியே பயன்படுவதால், நிறமுள்ள பொருள்களுக்கான தனிக் கட்டுப்பாடுகளையும் எச்பிஎல்சி மூலம் ஃபார்மசானை அளக்கும் வழியையும் தருகிறது. விலங்குச் சோதனை இவையனைத்துக்கும் பின்னர், நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மட்டுமே. அறிக்கையில் கழித்த பின் கிடைத்த விழுக்காட்டோடு, நிறக் கட்டுப்பாட்டுக் குழிகளின் மூல அளவுகளையும், சாயம் எந்தச் செறிவில் வீழ்படிவானது என்பதையும் அதே அட்டவணையில் தாருங்கள்.