பிள்ளையைக் கேட்டு கோர்ட்டுக்குப் போகிற அம்மாவுக்குத் துணையாகப் போகிறீர்களா?

உங்கள் அக்காவோ தோழியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, "நாளைக்கு ஃபேமிலி கோர்ட்டில் வாய்தா, கூட வர்றியா?" என்று கேட்டால் முதலில் சரி என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை நம் ஊரில் அம்மாவிடமிருந்து பிள்ளை பிரிவது இப்படித்தான்: ஒரு ராத்திரி சண்டையில் அவளை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள், இல்லையென்றால் "பாட்டி பார்க்கணும்னு சொல்றாங்க" என்று கூட்டிப் போன பிள்ளை திரும்பி வராது.

நான் முதன்முதலில் துணைக்குப் போனது எங்கள் தெருப் பெண் ஒருத்திக்காக. மூன்று வயதுப் பையன், நாற்பது நாளாகக் கண்ணில் காட்டவில்லை. ஃபேமிலி கோர்ட்டில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுகிற கவுன்சலர் "பையன் என்றைக்குப் பிறந்தான்?" என்று கேட்டார். அவளுக்குத் தேதி வரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எதிரே இருந்த மாமியார், "பெத்த தேதிகூடத் தெரியல பாருங்க" என்றார். எனக்கும் அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது, ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள் என்று. வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை டம்ளர் டீ இறங்கிய பிறகு தேதி, கிழமை, வலி எடுத்த நேரம், ஆட்டோக்காரர் கேட்ட காசு வரைக்கும் சொன்னாள்.

வருஷக்கணக்கில் அடியும் மிரட்டலும் பட்டவருக்கு அதே குரல் மறுபடி காதில் விழுந்தால் உடம்பு தானாகவே இறுகிவிடும், தெரிந்ததும் அந்த நேரத்தில் வாய்க்கு வராது. சிலர் முகம் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் சம்பந்தமில்லாமல் சிரிப்பார்கள், சிலர் கத்திவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அக்கறை இல்லாத அம்மாவாக, கோபக்கார அம்மாவாகத் தெரியும். வழக்கில் இதுதான் அவளுக்குப் பெரிய ஆபத்து, அதனால் துணைக்குப் போகிறவர் வேலை முந்தின வாரமே தொடங்குகிறது.

ஒரு நோட்டு வாங்குங்கள். "முதலிலிருந்து சொல்லு" என்று கேட்காதீர்கள், அவள் ஞாபகம் அப்படி வரிசையாக வராது. "அப்போ பையன் நடக்க ஆரம்பிச்சிருந்தானா? தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் வரும். ஒரு நாளில் அரை மணி நேரம் போதும். அடி வாங்கிய கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், ஒரு தடவை எழுதியதை வக்கீலிடம் கொடுங்கள். தடுப்பூசி அட்டை, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் அதே பையில் இருக்கட்டும், பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவை சொல்லும். முடிந்தால் முந்தின நாளே கோர்ட்டுக்குக் கூட்டிப் போய் எந்த மாடி, பாத்ரூம் எங்கே, எங்கே உட்காரலாம் என்று காட்டிவிடுங்கள். வாய்தா அன்றைக்குப் புருஷன் வீட்டார் கூட்டமாக வந்து நின்றால், நடுவில் நீங்கள் உட்காருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், காத்திருப்பு நீளும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டியதில்லை. 1987-ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகலாம், 15100-க்கு போன் செய்யலாம். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டம் சொல்கிறது. மற்ற மதத்தவர் 1890-ஆம் வருஷத்து கார்டியன் சட்டத்தில் மனுப் போடலாம். எதுவானாலும் கடைசியில் கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனை. வீட்டில் வன்முறை இருந்தால் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடமே தற்காலிக கஸ்டடி கேட்கலாம், அதற்கு உதவும் பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிள்ளையை எங்கோ ஒளித்துவைத்திருந்தால் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் பேச முடியவில்லை என்றால் ஃபேமிலி கோர்ட்டில் தனி அறை விசாரணை கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. ஸ்கூல் வாசலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற யோசனையை யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், பிள்ளை மிரண்டுபோகும், வழக்கும் கெடும்.

"புருஷன் வீட்டோட அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். "கவலைப்படாதே, பிள்ளை உனக்குத்தான்" என்றும் வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. அவள் கையை விட்டு எல்லாமே போய்விட்டதாகத் தோன்றும் நாள் அது, அதனால் சின்ன விஷயத்தையும் அவளிடமே கேளுங்கள்: தண்ணி குடிக்கிறியா, கொஞ்சம் வெளியே நிற்கலாமா, இப்போ பேசலாமா அப்புறம் பேசலாமா. "பிள்ளையை விட்டுக்கொடுத்தா இன்னைக்கே முடிச்சுக்கலாம்" என்று பேப்பரை நீட்டுவார்கள். "வக்கீலிடம் பேசிவிட்டு அடுத்த வாய்தாவில் சொல்கிறேன்" என்ற ஒரே வரியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள், வாய் வராவிட்டால் பார்த்துப் படிக்கட்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டமான நாள், பிள்ளையைப் பார்க்க நேரம் கொடுக்கிற நாள். நாற்பது நாள் கழித்து வந்த அந்தப் பையன் அப்பாவின் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வரமாட்டேன் என்றான். அவள் அப்படியே நின்றுவிட்டாள். இப்படி நடக்கலாம், அவன் அம்மாவை மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை அவன் பழைய டிபன் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோய், கூப்பிடாமல், தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் பையன் பக்கத்தில் வந்து நின்றான். "யார்கிட்ட இருக்கே, அம்மாவா அப்பாவா?" என்று பிள்ளையிடம் கேட்க வேண்டாம், அழுதுகொண்டே கட்டிப்பிடித்துப் பயமுறுத்தவும் வேண்டாம். கிளம்பும்போது அடுத்து என்றைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும், சொல்லாமல் நழுவக் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலம் அவளை வெறும் வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டில் சாப்பிட வையுங்கள், தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். "இனி எதுக்கு இருக்கணும்" என்கிற மாதிரி பேசினால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாமல் கூடவே இருங்கள், 14416-க்கு போன் செய்தால் மனநல ஆலோசகர் பேசுவார். தற்காலிக உத்தரவு அவளுக்கு எதிராக வந்தாலும் நிலைமை மாறும்போது மறுபடி கேட்கலாம், கஸ்டடி உத்தரவைக் கோர்ட் பிறகு மாற்றலாம். இதை அன்றைக்கே விளக்க வேண்டாம், இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள், அப்போதுதான் காதில் ஏறும். அடுத்த வாய்தா தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரிலும் குறித்துவையுங்கள்.