வன்னியில் இரவல் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வன்னிக்கு எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்பதையெல்லாம் முன்னர் போய்வந்தவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு உள்ளூர் அங்கீகாரம் பெறவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். நான் எழுத வந்தது, உறவினர் அன்போடு நீட்டும் கார்த் திறப்பைப் பற்றி மட்டுமே.

கடந்த ஓகஸ்டில், ஒட்டுசுட்டானில் உள்ள அக்கா வீட்டிலிருந்து முறிகண்டிப் பிள்ளையாரிடம் போவதற்காக அத்தானின் பழைய பெற்றோல் காரை எடுத்தேன். கச்சான் காற்று அனலாக வீச, ஐந்து பேரை ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு மாங்குளத்தில் ஏ9 வீதிக்கு ஏறினோம். கொக்காவிலைத் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால், “இந்தா பிள்ளையாரடி வந்திட்டுது, அங்க தண்ணி இருக்கு” என்று பெரியம்மா பின்னாலிருந்து சொல்ல, நான் தொடர்ந்து ஓட்டினேன். சற்று நேரத்தில் முள் தானாகவே இறங்கியது. பிள்ளையார் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். உண்மையில், முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணரி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே விழும். முள் இறங்கி இழுவையும் குறைந்தால், அது ஆறுதல் அல்ல, ஆபத்து.

முறிகண்டியில் கச்சான் கடலை விற்பவர் ஒருவர் நல்ல மனத்தோடு ஒரு வாளி தண்ணீருடன் ஓடிவந்தார். வாங்கி ஊற்றிவிடாதீர்கள். றேடியேற்றருக்குள் அழுத்தம் இருப்பதால் நூறு பாகையைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். என்ஜினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது குளிர்நீர் பட்டால், நெளிந்ததோடு நின்றிருக்கக்கூடியது வெடித்தும் போகலாம். ஒரு மணிநேரமாவது ஆறவிடுங்கள்.

அத்தான் தமக்குத் தெரிந்த மெக்கானிக்குடன் வந்தார். மெக்கானிக் ஒயில் மூடியைக் கழற்றினார், அதன் உட்புறத்தில் இருந்த வெண்ணிறப் பசையைக் காட்டினார், “என்ஜின் போச்சுது” என்றார். நான் இரண்டு மாதம் உழைத்தால் வரக்கூடிய விலைக்கு ஒரு ரீகண்டிஷன் என்ஜினும் அன்றிரவே பேசப்பட்டுவிட்டது. “உங்களுக்கு இது ஒரு காசே, தம்பி?” என்றார் அத்தான். இந்தக் கேள்விக்கு நம்மில் எவரிடமும் பதில் இல்லை என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஆயினும் பணம் கொடுக்க ஒப்புக்கொள்ளும் முன், காரை வேறொரு கராஜில் காட்டி ஒழுங்காகச் சோதிக்கச் சொன்னேன். நீங்களும் அதைக் கேளுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். மூடியிலுள்ள பசை வெறும் ஈரப்பதம் படிந்ததாலும் வரலாம். ஒயில் அளக்கும் கம்பியிலும் பால்தேநீர் நிறம் தெரிந்தால்தான் ஒயிலோடு தண்ணீர் கலந்தது உறுதியாகும். எங்கள் கம்பி சுத்தமாக இருந்தது. குளிர்ந்த என்ஜினை மூடியைத் திறந்தபடி இயக்கியபோது றேடியேற்றர் வாயில் இடைவிடாமல் குமிழி வந்தது. சைலன்சரில் வெண்புகை நிற்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி அமுக்கம் அளந்தார்கள்: முதலாவது சிலிண்டரிலும் நான்காவதிலும் 170 பிஎஸ்ஐ, நடுவிலுள்ள இரண்டிலும் 90. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே ஹெட் கஸ்கெற், அதாவது ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு, எரிந்திருக்கிறது என்று பொருள். சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளந்தபோதும் எண் ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்ததென்று சந்தேகிக்கவேண்டும். அடியிலிருந்து தட்டும் சத்தமும் இல்லை. ஆக, போனது என்ஜின் அல்ல.

ஹெட்டைக் கழற்றி நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தபோது அது சற்று நெளிந்திருந்தது. வவுனியாவில் ஒரு லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்தோம். சிலிண்டர்ச் சுவர்களில் கீறல் இல்லை.

நீர் ஓடும் துவாரங்களைச் சுற்றி மட்டும், கேத்திலின் அடியில் பிடிப்பதைப் போன்ற வெண்படிவு தடித்திருந்தது. அப்பகுதிக் கிணற்றுநீரின் சவர் ஊருக்கே தெரிந்தது. பல ஆண்டுகளாக அதையே றேடியேற்றரில் ஊற்றி வந்திருக்கிறார்கள். தண்ணீர் ஓட்டத்தைத் திறந்துமூடும் தேர்மோஸ்ரற்றும் பாதியில் இறுகியிருந்தது. அதாவது, நான் திறப்பை வாங்கும் முன்பே கார் நோயாளி. சாகும் தறுவாய்க்குக் கொண்டுபோனவன் நான். முதற்பாதியை மட்டும் அத்தானுக்கு, அக்காவின் முன்னால், படிவைச் சுரண்டிக் காட்டி விளக்கினேன். அவர் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார். 2009இல் அவர்கள் மெனிக்பாம் அகதி முகாமில் தண்ணீருக்காக வரிசையில் நின்ற நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

எனவே திறப்பை வாங்கும் முன், என்ஜின் குளிர்ந்திருக்கும் காலையில், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறமாக இருந்தால் பேருந்தில் போங்கள்.

திருத்தச் செலவு முழுவதையும் நான் கொடுத்தேன். புறப்படும் முன் கிளிநொச்சியில் றேடியேற்றருக்கு ஊற்றும் கூலன்ற் இரண்டு கலன் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். சென்ற வாரம் அக்காவிடம் கேட்டபோது, இரண்டும் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உடைக்காமலே இருப்பதாகச் சொன்னார். உடைத்தால் முடிந்துவிடும் என்று அத்தான் வைத்திருக்கிறாராம்.